எர்த் எங்க பாய் குடுத்தீங்க?

ஒரு ஃபியூஸ் வாங்குவதற்கு மாவட்டம் தாண்டிப் போகிறவன் நான். லப்பைக்குடிக்காட்டுக்கு வடக்கே வெள்ளாறு. ஆற்றின் அந்தக் கரையில் திட்டக்குடி. நாங்கள் பெரம்பலூர் மாவட்டம், அவர்கள் கடலூர் மாவட்டம். என் அத்தா காலத்தில் இந்தக் கரை திருச்சி ஜில்லா, அந்தக் கரை தென்னாற்காடு ஜில்லா. 1993இல் அவர்களைப் பிரித்தார்கள், 1995இல் எங்களைப் பிரித்தார்கள். நாங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் பாலத்தில் போய்வந்துகொண்டிருக்கிறோம். ஊரில் ஃபியூஸ் கிடைக்காது என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிட வேண்டாம். எங்கள் ஊரில் எல்லாம் கிடைக்கும். என் வண்டியைத் தொடச் சம்மதிக்கிற மெக்கானிக் மட்டும் இப்போது அக்கரையில்தான் மிச்சம் இருக்கிறார்.

வண்டி பழைய நூறு சிசி. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். அவர்கள் செய்து விற்ற வண்டிக்கும் இப்போது என் வாசலில் நிற்கும் வண்டிக்கும் சம்பந்தம் குறைவு. அதில் ஏதாவது குறை இருந்தால் அது என் சொந்த உழைப்பு.

இந்த வயது வண்டிகளின் ஹெட்லைட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினின் இடது பக்க மூடிக்குள் ஒரு காந்தச் சக்கரம் சுற்றுகிறது, அதற்குள் காயில். சக்கரம் சுற்றினால் காயிலில் கரண்ட். 1831இல் ஃபாரடே லண்டனில் கண்டுபிடித்த அதே சங்கதி, பெட்ரோல் செலவில். அந்தக் கரண்ட்டில் பெரும்பங்கு பேட்டரி பக்கம் போகாமல் நேரே ஹெட்லைட்டுக்கு வந்துவிடும். ஆகவே முறுக்கினால் பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். சாலையில் பள்ளம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைப்போம். குறைத்தால் விளக்கு மங்கும். மங்கினால் பள்ளம் தெரியாது. பள்ளம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் அதில் அறுபதில் இறங்க வேண்டும். இதை வடிவமைத்தவர் பள்ளமே இல்லாத தேசத்துக்காரராக இருக்க வேண்டும்.

2017 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்கச் சுவிட்சே கிடையாது. அரசாங்க உத்தரவு. இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எதிரே வரும் புது வண்டிக்காரனைப் பார்த்துக் கையை விரித்து விரித்து மூடிக் காட்டுகிறார்கள். அவனும் பாவம், தலையாட்டிவிட்டுப் போகிறான். என் வண்டிக்கு அந்தக் கையாட்டலை யாரும் காட்டியதில்லை. எரிவது தெரிந்தால்தானே காட்டுவார்கள்.

இரவில் எங்கள் பக்கம் வண்டி ஓட்டுவதற்குக் கண்ணைவிடக் கலிமா முக்கியம். சோளம் அறுத்த மாதங்களில் சாலையின் பாதி மக்காச்சோளக் களம். வண்டி ஏறிவிடாமல் இருக்க விளிம்பில் கல் வைத்திருப்பார்கள், அந்தக் கல்லுக்கு விளக்கு கிடையாது. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கரும்புத் தோகை தொங்கும். நாம் டிராக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் தோகை நம் முகத்தைப் பார்த்துவிடும். சோளக்கொல்லையிலிருந்து பன்றி வேறு குறுக்கே ஓடும். குன்னம் பக்கம் போய் இரவில் திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் இனிமேல் நல்ல விளக்கு மாட்டாமல் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்வேன். மறுநாள் பகலில் சூரியன் வந்து அந்தத் தேவையைத் தீர்த்துவிடும்.

அப்போதுதான் மச்சான் சார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தார். எங்கள் ஊருக்கு வருகிற பெட்டிகளில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: கோடாலித் தைலம், பேரீச்சை, பால் பவுடர், சென்ட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே பூப்போட்ட போர்வை. அந்தத் தடவை எனக்கென்று தனியாக ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு எல்இடி விளக்கு. கறுப்பு உடம்பு, முன்னால் கண்ணாடி, பின்னால் சூடு தணிய விசிறிமடிப்பாக அலுமினியம். அட்டையில் ஒரு புலி, ஒரு மலை, ‘100 வாட்’ என்ற எழுத்து. பாலைவனத்தில் மணல்மேட்டில் ஏறும் ஜீப்புகளுக்கு மாட்டுவது என்றார் மச்சான்.

“மெக்கானிக் தம்பிகிட்ட குடுத்து மாட்டச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி.

“ரெண்டே ஒயர். ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். இதுக்கு ஒரு மெக்கானிக்கா?”

நான் ரியாத்தில் ஒரு எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஒயரை மீட்டர் கணக்கில் அளந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஒயர் எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்பது வேறு டிபார்ட்மெண்ட். என் மனைவிக்கு இந்தப் பிரிவினை தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு நானும் என்னால் ஆனதைச் செய்து வந்திருக்கிறேன்.

வேலை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு தொடங்கியது. கிராஷ் கார்டில் விளக்குகளைப் போல்ட் போட்டு முடுக்கியதுவரை குறை சொல்ல இடமில்லை. இன்றைக்கும் அந்தப் போல்ட்டுகள் அசையவில்லை, மெக்கானிக்கால்கூட அசைக்க முடியவில்லை. பிறகு ஹெட்லைட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஒயர்கள் வெளியே வந்து தொங்கின. பச்சை, கறுப்பு, வெள்ளை, நீலம், வெளிர்நீலம், வெளிர்பச்சை, சிவப்பில் கோடு, கோட்டில் சிவப்பு. ஹாரனுக்கு வருகிற பிளஸ்ஸைக் கண்டுபிடித்து, பல்லால் அதன் தோலை உரித்து, என் விளக்கின் சிவப்பை அதில் முறுக்கினேன். இடையில் ஹேண்டில் பாரில் ஒரு சுவிட்ச். மைனஸ்ஸுக்கு வலது இண்டிகேட்டரிலிருந்து வரும் பச்சை ஒயர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எட்டுகிற தூரத்தில் இருந்தது என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் இல்லை. எல்லாவற்றின் மேலும் இன்சுலேஷன் டேப் சுற்றினேன். டேப் நிறைய இருந்ததால் நிறையச் சுற்றினேன். ஹெட்லைட்டைத் திரும்ப மாட்டும்போது உள்ளே இடம் போதவில்லை. முழங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினேன். இடம் உண்டாயிற்று.

அன்று இரவு சுவிட்சைப் போட்டதும் தெரு வெள்ளையாகிவிட்டது. எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளின் நிறம் தெரிந்தது. அதற்கும் மேலே தென்னையில் எத்தனை குலை என்று எண்ணலாம். பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. தரை மட்டும் கொஞ்சம் இருட்டாக இருந்தது. விளக்கு மேலே பார்த்து நின்றதால் வந்தது. அது ஒரு பெரிய விஷயமாக அப்போது படவில்லை. பாலத்தில் எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் பரம்பரையைப் பற்றி விரிவாக விசாரித்தார். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நோய்கள் வந்தன. ஒன்றாக வரவில்லை, கூட்டமாக வந்தன.

ஹாரன் அடித்தால் விளக்கு கண்சிமிட்டும். விளக்கைப் போட்டால் வலது இண்டிகேட்டர், நான் தொடாமலேயே, முன்னும் பின்னும் லேசாகச் செவ்வொளியில் எரியும். அசல் இண்டிகேட்டரைப் போட்டால் எல்இடி இரண்டும் அதனுடன் சேர்ந்து துடிக்கும். செல்ஃப் ஸ்டார்ட் ஒரு முனகலோடு நின்றுவிடும். உதைத்தால் வண்டி கிளம்பிவிடுவதால் அதை நான் நோயில் சேர்க்கவில்லை. என் வண்டி வயதுக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும்: தீப்பொறிக்கு வேண்டிய கரண்ட்டும் காயிலிலிருந்தே வருவதால், பேட்டரி செத்துக் கிடந்தாலும் இன்ஜின் ஓடும். வண்டி ஓடுகிறவரை பேட்டரி என்று ஒன்று இருப்பதே குடும்பஸ்தனுக்கு நினைவு வராது.

டீக்கடையில் கன்சல்டேஷன் நடந்தது. பேட்டரி போச்சு என்றார் ஒருவர். ரெக்டிபையர் போச்சு என்றார் இன்னொருவர். ஃபிளாஷரை மாற்று என்றார் மூன்றாமவர். அவரிடம் ஒரு பழைய ஃபிளாஷர் விற்பனைக்கு இருந்தது. சார்ஜாவில் ஓடுகிற விளக்கு இங்கே ஓடாது, அங்கே வோல்டேஜ் வேறே என்றார் குவைத்திலிருந்து திரும்பிய ஒருவர். அதையும் பத்து நிமிஷம் விவாதித்தோம். இப்போது உலகத்தின் ஏறக்குறைய எல்லா மோட்டார் சைக்கிளிலும் இருப்பது அதே பன்னிரண்டு வோல்ட் பேட்டரிதான் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கண்ணேறு என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். என் மனைவி அதை மட்டும் ஏற்றுக்கொண்டு வண்டியின் முன்னால் ஓர் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கட்டிவிடச் சொன்னாள். கட்டினேன். எலுமிச்சை விளக்கின் முன்னால் தொங்கி, இரவில் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய நிழல் ஆடியது.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஃபியூஸ்.

ஃபியூஸ் போனால் இந்த வண்டியில் என்ன ஆகும் என்றால், ஹெட்லைட் எரியும், இன்ஜின் ஓடும். பேட்டரியை நம்பி வாழும் ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், என் சார்ஜா விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிடும். அது போகும் இடம் எப்போதும் ஒன்றே. எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் சந்தில் இடது பக்கம் ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்ப வேண்டும். அங்கே ‘டப்’. ஊரெல்லாம் சுற்றி வரும்வரை ஒன்றும் ஆகாது. அந்தத் திருப்பத்தில் போய்விடும். அங்கே ஒரு முருங்கைமரம் வேறு நிற்கிறது. முருங்கையைப் பற்றி ஊரில் என்னவெல்லாம் சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். நான் படித்தவன், அதை நம்புகிறவன் அல்ல. ஆனாலும் இரவில் அந்த இடத்தில் மனசுக்குள் ஓதிக்கொண்டேதான் திரும்பினேன். ஓதினாலும் போனது.

என் மகள் பத்தாவது படிக்கிறாள். “அத்தா, எடது பக்கம் திரும்பினாத்தானே போவுது? எடது பக்கம் திரும்பாம வாங்களேன்” என்றாள். கிண்டல் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதில் ஒரு விஞ்ஞானம் இருப்பதாகப் பட்டது. பள்ளிவாசல் பக்கமாகச் சுற்றி, பின் தெரு வழியாக வந்தால், சந்துக்குள் வலது பக்கமாக நுழையலாம். கிட்டத்தட்ட அரை ஊரைச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். கொஞ்ச நாள் அப்படியே வீட்டுக்கு வந்தேன். ஃபியூஸ் போகவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று டீக்கடையில் சொன்னேன். வழியில் சந்தித்த சொந்தக்காரர்கள், “என்ன பாய், நெதமும் இந்தப் பக்கம்?” என்று கேட்கத் தொடங்கினார்கள். இடது பக்கம் திரும்பினால் ஃபியூஸ் போகிறது என்று சொல்ல முடியுமா? இந்தப் பக்கம் காற்று நல்லா வருது என்றேன். அந்தத் தெருவில் கல்யாணத்துக்கு இருக்கிற பெண்கள் வீட்டில் ஒருவர், நான் யாருக்கோ மாப்பிள்ளை பார்த்துச் சொல்லத்தான் வருகிறேன் என்று டீ போட்டுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்.

திரும்ப ஒருநாள் அவசரத்தில் பழைய வழியில் வந்தேன். ‘டப்’. கையில் ஃபியூஸ் இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய கம்பி இருக்கும் பழைய மாடல் ஃபியூஸ் அது, 10 ஆம்பியர். டீக்கடை நிபுணர் ஒருவர் ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி, குழாயின் இரு முனையிலும் சுற்றிக் கொடுத்தார். “இனிமே ஜென்மத்துக்கும் போவாது.” அவர் சொன்னது உண்மை. அது போகவில்லை. அன்று இரவு சந்துத் திருப்பத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக ஹெட்லைட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி, “ஏதோ கருகுது” என்று அடுப்பை அணைக்க ஓடினாள். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பாலத்தைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளத் தேவையில்லைதான், உதைத்தால் ஓடியிருக்கும். நோயாளியை நடத்திக் கூட்டிப்போனால் டாக்டர் திட்டுவார் என்ற பயம்.

மெக்கானிக் தம்பி வண்டியைச் சுற்றி வந்தார். எலுமிச்சையைப் பார்த்தார். ஹெட்லைட்டைக் கழற்றினார். உள்ளிருந்து என் டேப் உருண்டை வெளியே வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“எர்த் எங்க பாய் குடுத்தீங்க?”

“கம்பெனிக்காரன் எங்க குடுத்தானோ, அங்கதான்.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மல்டிமீட்டரை எடுத்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டீக்கடையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பேசியதில் இந்த ஒரு சங்கதியை மட்டும் யாரும் தொடவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளை விளக்கின் கறுப்பு ஒயரிலும் இன்னொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்தார். இரண்டும் மைனஸ்தான். நடுவில் வெறும் ஒயர்தான் இருக்கிறது. ஆகவே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டியது ஐந்து வோல்ட்டை நெருங்கி. பன்னிரண்டில் ஐந்து, விளக்குக்கே போகாமல், திரும்பி வரும் வழியில் செலவாகிறது. பச்சை ஒயரை இழுத்துப் பார்த்தார். ஹெட்லைட்டுக்குப் பின்னால் அது இன்னொரு ஒயரோடு சேரும் புல்லட் கனெக்டர் துருவேறி நிறம் மாறியிருந்தது. ஒரு இண்டிகேட்டர் பல்புக்கு அந்த இணைப்பு போதும். என் இரண்டு விளக்கின் மொத்தக் கரண்ட்டும் அதன் வழியாகத் திரும்ப வேண்டும் என்று நான் வைத்துவிட்டேன்.

நாம் எல்லோரும் பிளஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கரண்ட் விளக்குவரை போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைப்பு. போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். திரும்பும் வழி அடைபட்டால் அது சும்மா இருக்காது, வேறு வழி தேடும். துபாயிலிருந்து திருச்சிக்கு நேர் விமானத்தில் டிக்கெட் கிடைக்காத எங்கள் ஊர்ப் பையன் கொழும்பு சுற்றி வருவான் அல்லவா, அதே கதைதான் நடந்திருக்கிறது. துருப்பிடித்த கனெக்டர் வழியாகப் போக முடியாத கரண்ட், வலது முன் இண்டிகேட்டர் பல்புக்குள் பின்பக்கமாக நுழைந்து, அங்கிருந்து வண்டியின் நீளத்துக்கும் ஓடும் இண்டிகேட்டர் ஒயரில் ஏறி, பின் இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து, பின்னால் இருக்கும் நல்ல எர்த்தில் இறங்கி வீடு சேர்ந்திருக்கிறது. வழியில் போகிறபோக்கில் இரண்டு பல்பையும் கொஞ்சம் எரித்துவிட்டும் போயிருக்கிறது. கண்ணேறு என்று சொன்ன டீ மாஸ்டருக்கு இதை எப்படி விளக்குவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஐந்து வோல்ட் கணக்கை வீட்டில் என் மகள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை வைத்துப் போட்டுக் காட்டினாள். மின்னோட்டவியல் என்று ஒரு பாடம், அதில் ஓம் விதி. 1827இல் ஜெர்மனியில் ஜார்ஜ் சைமன் ஓம் அதைப் புத்தகமாகப் போட்டபோது அங்கே பெரிதாக மதிக்க ஆளில்லை. இங்கே என் வீட்டில் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு கழித்தும் அதே நிலைமை இருந்திருக்கிறது. விளக்குகள் இழுக்கும் கரண்ட் மூன்று ஆம்பியருக்கு மேல். அந்தத் துருவில் தடை ஒன்றரை ஓம். பெருக்கிப் பாருங்கள் அத்தா, ஐந்து வோல்ட். “இது பரீட்சைக்கு வருமா?” என்று கேட்டேன். “வந்துச்சே, அரைப்பரீட்சைக்கு” என்றாள்.

மூன்று ஆம்பியர் என்பதும் ஓர் ஏமாற்றம்தான். மெக்கானிக் தம்பி மீட்டரைத் தொடரில் போட்டு அளந்தார். ஒரு விளக்கு ஏறக்குறைய இருபது வாட். நூறு வாட் அட்டைக்குச் சொந்தம். அட்டையை நம்பி இரண்டுக்கும் இருநூறு என்று போட்டால் பதினாறு ஆம்பியருக்கு மேல் போகும். ஃபியூஸ் முதல் இரவே, வலது பக்கமோ இடது பக்கமோ பாராமல், போயிருக்கும். மச்சானிடம் இதை நான் சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கும் அவர் வர வேண்டும்.

நாற்பது வாட்டுக்கே என் பேட்டரி தள்ளாடியதன் காரணமும் அன்று தெரிந்தது. பேட்டரி 12 வோல்ட், 3 ஆம்பியர்-ஹவர். காயில் உண்டாக்குவதில் பெரும்பங்கை ஹெட்லைட் நேராக வாங்கிக்கொள்கிறது. ரெக்டிபையர் வழியாகப் பேட்டரிக்கு வந்து சேருவது கொஞ்சம். இந்தப் பக்கம் மூன்று ஆம்பியருக்கு மேல் எடுத்தால், வரவு எவ்வளவு என்று பார்க்காமல் எடுத்தால், செல்ஃப் ஸ்டார்ட் முனகாமல் வேறென்ன செய்யும்? என் மாமா ஒருவர் பழைய புல்லட் வைத்திருந்தார். 1950களிலிருந்து மெட்ராஸில், திருவொற்றியூரில், செய்துவந்த வண்டி. ஹெட்லைட்டின் மேல் இரண்டு பக்கமும் குட்டியாக இரண்டு பைலட் விளக்கு. பக்கத்தில் ஆம்பியர் மீட்டர். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல். விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாயும், முறுக்கினால் கூட்டல் பக்கம் ஏறும். மாமா சாலையைப் பார்த்ததைவிட அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டியதே அதிகம். கழித்தலில் நின்றால் விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே போவார். கஞ்சத்தனம் என்று நாங்கள் சிரிப்போம். அவருக்குப் பேட்டரி வருஷக்கணக்கில் உழைத்தது. இப்போதைய வண்டிகளில் அந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். சம்பாதிப்பதற்கு மேல் செலவாகிறது என்பது பேட்டரி செத்த பிறகே தெரிகிறது. ஏறக்குறைய எல்லாக் கல்ஃப் வீட்டுக்கும் ஒரு ஆம்பியர் மீட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. என் மனைவி கேட்கும்போது சொல்வதில்லை.

இடது பக்கத்து மர்மம் ஒரு நிமிஷத்தில் உடைந்தது. தம்பி ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பி, டார்ச் அடித்துக் காட்டினார். சுவிட்சுக்குப் போகும் என் சிவப்பு ஒயர், ஹேண்டில் திரும்பும் கழுத்தில், ஸ்டாப்பருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியிருந்தது. தோல் போய்ச் செம்பு பளபளத்தது. முழு ஒடிப்பில் செம்பு ஃபிரேமைத் தொடும், பிளஸ் நேராகப் பாடியில் இறங்கும், ஷார்ட். ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்து வண்டியைக் காப்பாற்றியது. அதன் இடத்தில் செம்பு இழையை வைத்தபோது காப்பாற்ற ஆளில்லாமல் ஒயர் சூடேறி டேப் எரிந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் டேங்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. முருங்கைமரத்திடம் நான் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

“ரிலே போடாம இதை எப்படி பாய் ஓட்டுனீங்க?” என்றார் தம்பி. ரிலே என்பது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. ஹேண்டிலில் இருக்கும் சுவிட்ச், விளக்கின் முழுக் கரண்ட்டையும் சுமக்காது. ரிலேக்குள் இருக்கும் காந்தத்தை எழுப்பும் சிறு கரண்ட்டை மட்டும் சுமக்கும். பெரிய கரண்ட் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக ரிலேக்கு வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகும். அதன் கால்களில் 30, 85, 86, 87 என்று அச்சடித்திருக்கும். ஒன்று முதல் நான்குவரை போட்டால் ஆகாதா என்று கேட்டேன். ஜெர்மன்காரர்கள் வைத்த எண், உலகம் முழுக்க இதேதான் என்றார். முப்பது பேட்டரியிலிருந்து வருவது, எண்பத்தேழு விளக்குக்குப் போவது, எண்பத்தைந்தும் எண்பத்தாறும் காயில். மனப்பாடம் செய்துகொண்டேன். டீக்கடையில் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள்.

புது வேலையில் கறுப்பு ஒயர் இரண்டும் தடித்த ஒயராகி நேராகப் பேட்டரி மைனஸுக்குப் போயின. கழுத்தில் ஒயருக்கு ஸ்லீவ் போட்டு, ஹேண்டில் இரண்டு பக்கமும் திரும்புமளவு தளர்வு விட்டார். பச்சை ஒயரின் கனெக்டரை மாற்றினார். டேப் உருண்டையைக் கடையில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு என்று நினைக்கிறேன். கூலி எவ்வளவு என்று வீட்டில் கேட்டபோது பாதி சொன்னேன்.

கடைசியில் அவர் ஸ்பேனரை எடுத்து விளக்குகளைக் கீழே சாய்த்தார். என் போல்ட்டுகள் அசையாததால் தாங்கியையே கொஞ்சம் வளைத்தார். இப்போது ஒளி தரையில் விழுகிறது, தென்னையில் எத்தனை குலை என்று தெரியவில்லை. நம் ஊர்களில் முன்பெல்லாம் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள், எதிரே வருகிறவன் கண் கூசக் கூடாதென்று. நான் பையனாக இருந்தபோது அதைத் திருஷ்டிப் பொட்டு என்றே நினைத்திருந்தேன். எதிரே வருகிறவன் மன்னித்தாலும் சட்டம் மன்னிக்காது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இதைச் சொன்னதும் தம்பிதான். பில் போட்ட பிறகு சொன்னார்.

ஆகவே ஊருக்குள்ளும் பாலத்திலும் அந்த இரண்டையும் நான் போடுவதில்லை. ஆளில்லாத ரோட்டில், கரும்பு டிராக்டர் இருக்குமோ என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் போடுகிறேன், எதிரே வெளிச்சம் தெரிந்த உடனே அணைத்துவிடுகிறேன். இஷாவுக்குப் பிறகு வெள்ளாற்றுப் பாலத்தில் எதிரே வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: நான் டிம் போட்டுத்தான் வருவேன், நீங்களும் டிம் போடுங்கள். வண்டியை நிறுத்தி யாருடைய பரம்பரையையும் விசாரிக்க வேண்டாம். என் ஹாரன் இப்போது வேலை செய்கிறது.